இல்லையென்று சொல்லாத சர்வர்

அந்த ஓட்டலில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. 'இல்லை' என்ற சொல். பழைய முதலாளி போட்ட சட்டம் அது. வேலை கேட்டு வருகிறவனிடம் பேரைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். "பசிச்சு வந்தவன்கிட்ட இல்லைங்காதே. தீர்ந்துபோச்சுன்னா, அடுத்த தடவை வாங்க, எடுத்து வைக்கிறேன்னு சொல்லு. அப்பத்தான் வர்றவன் வந்துக்கிட்டே இருப்பான்." அவர் பிழைக்கத் தெரிந்த மனிதர், வியாபாரத்துக்காகச் சொன்னார். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு ஆள்தான்.

மீசை அரும்பும் வயதில் அந்த ஆள் அங்கே மேசை துடைக்க வந்தார். பிறகு தண்ணீர் வைத்தார். பிறகு சர்வர் ஆனார். அதற்கு மேல் எதுவும் ஆகவில்லை, ஆசைப்படவும் இல்லை. வெள்ளைச் சட்டை, தோளில் மடித்துப் போட்ட துண்டு, காதில் செருகிய பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை, எல்லாம் மனக்கணக்குதான். சாப்பிட வருகிறவர்கள் அவருக்கு 'அடுத்த தடவை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "எங்கய்யா நம்ம அடுத்த தடவை?" என்று கேட்டபடிதான் உள்ளே நுழைவார்கள். அவரும் முகம் சுளிக்காமல் வந்து நிற்பார்.

உண்மையில் அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவை, கரும்பலகையிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போன பண்டங்கள்தான். ஒரு காலத்தில் அங்கே ஈரல் டோஸ்ட் கிடைத்தது. எலும்பு சூப் கிடைத்தது. முட்டையை நடுவில் ஒளித்து வைத்த கட்லெட், கண்ணாடிக் கிண்ணத்தில் ஆடிக்கொண்டே வரும் சிவப்பு ஜெல்லி, எல்லாவற்றுக்கும் மேலாக ரொட்டிப் புட்டிங். பழைய ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து, மேலே சர்க்கரையைக் கருகக் கருக ஊற்றி, கரி போட்ட பெரிய அடுப்புக்குள் தள்ளி மூடிவிடுவார்கள். கதவைத் திறக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு மனிதர் செத்தால் நாலு பேருக்குச் சொல்லி அனுப்புகிறோம். ஒரு பண்டம் செத்தால் யாரும் சொல்வதில்லை. எலும்பு போடுகிறவர் வேறு தொழிலுக்குப் போனார், சூப் நின்றது. கொழுப்பு கெடுதல் என்று டாக்டர்கள் பயமுறுத்தினார்கள், ஈரல் நின்றது. குளிர்பெட்டி வைக்க இடம் போதவில்லை என்று கரி அடுப்பை இடித்தார்கள், புட்டிங் நின்றது. எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. பலகையில் ஒரு வரியை ஈரத்துணியால் அழிப்பதோடு முடிந்தது கதை.

ஆனால் கேட்டு வருகிறவர்கள் நிற்கவில்லையே. அவர்களிடம் நம்ம ஆள் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ அவர்களுக்கு மட்டும் செய்கிற சலுகை போல, "அடுத்த தடவை வாங்க சார், எடுத்து வைக்கிறேன்" என்பார். நின்றுபோய் எத்தனையோ காலமான பண்டத்துக்கும் அதே பதில்தான். பொய் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்தார்.

வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு செல்லுபடியாகவில்லை. கல்யாணமான புதிதில், சுவரில் மாட்ட ஒரு கண்ணாடி வேண்டும் என்று மனைவி கேட்டாள். "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்றார் இவர். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"இது கடைப் பேச்சு. இதையெல்லாம் செருப்போட சேத்து வெளியவே விட்டுட்டு வாங்க. என்கிட்ட உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். காத்திருக்கச் சொல்றதுதான் எனக்கு ஆகாது."

அன்றிலிருந்து அவளிடம் அவர் அந்தப் பேச்சைப் பேசியதே கிடையாது. இன்னும் சொல்லப்போனால், பகல் முழுக்க வாய்க்குள் அடக்கி வைத்த இல்லைகளை எல்லாம் வீட்டுக்கு வந்துதான் கொட்டுவார். குடை கொண்டு வந்தீங்களா? இல்லை. உப்பு சரியா இருக்கா? இல்லை. என் தம்பிக்குப் போன் பண்ணீங்களா? இல்லவே இல்லை. "உங்களைப் போயி தங்கமான மனுசன்னு ஊரே சொல்லுது" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். பிள்ளையாக ஒரே மகள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சம்பள நாளன்று மட்டும் அவர் ஒரு தூக்குச் சட்டியில் ரொட்டிப் புட்டிங் கொண்டு வருவார். மனைவி அதை நேரே சாப்பிட மாட்டாள். மேலே உள்ள கருகிய சர்க்கரையைத் தனியாக உரித்து வைத்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் படுத்தபோது மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். மருந்தில் வாய் கசந்துபோய் எதுவும் இறங்கவில்லை. ஒரு சாயங்காலம், புறங்கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்த கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னங்க, அந்தப் புட்டிங் கொஞ்சம் கொண்டு வர்றீங்களா? அந்தக் கருகல் மட்டும் போதும்" என்றாள். அடுப்பை இடித்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அடுத்த தடவை வரும்போது கொண்டு வர்றேன்மா."

அவள் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பிவிட்டாள். ஏன் நம்ப மாட்டாள்? அந்தக் கண்ணாடிக்குப் பிறகு அவளிடம் ஒரு தடவைகூட அவர் கடைப் பேச்சு பேசியதில்லையே. மறுநாள் பார்வையாளர் நேரம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் முள்ளாக அது கிடந்தது, இவர் பாட்டுக்கு மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தார்.

காலம் ஓடியது. பழைய முதலாளி போய், மகன் சின்ன முதலாளியாக வந்தார். கெட்ட பிள்ளை இல்லை, ஆனால் கையில் எப்போதும் ஏதாவது ஒரு வரைபடம் இருக்கும். ஓட்டலை மூடி, உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்து, சர்வரே தேவைப்படாத மாதிரி புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார். மாதக் கடைசியோடு சரி. நம்ம ஆளை மகள் வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. "நல்லாப் படுத்துத் தூங்குங்கண்ணே" என்று சின்ன முதலாளி தோளைத் தட்டினார். இவரும் சிரித்து வைத்தார்.

அந்தக் கடைசி மாதத்தில்தான் அவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து, சாயங்கால டீக்கு முந்தி, ஓட்டலில் ஈ ஓட்டும் நேரம் ஒன்று உண்டு. நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டு, துடைக்கிற அக்கா தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்வாள். வேலைக்குப் புதிது அவள், வாய் கொஞ்சம் நீளம். துடைத்த தரையில் யார் கால் வைத்தாலும், முதலாளியாகவே இருந்தாலும், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஓட்டல் கதவின் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போய், திறந்தால் பூனை மிதிபட்ட மாதிரி கத்தும். அன்று அது கத்தவில்லை. ஆனால் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தெருமுனைத் தையல்காரர்.

"ஈரல் டோஸ்ட் இருக்கா?" என்றார் தையல்காரர்.

நம்ம ஆளின் கால் ஒரு நொடி தரையோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தையல்காரரின் சாவுக்கு இவரே போய் வந்திருக்கிறார். வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டதுகூட நினைவிருக்கிறது. ஆனாலும் பாருங்கள், பழக்கம் என்பது பயத்தைவிட வேகமாக ஓடுகிற சமாச்சாரம். "இதோ சார்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். சமையல் மாஸ்டர் அப்போதுதான் தன் வீட்டுக்கென்று வாங்கி வந்திருந்த ஈரலில் கொஞ்சம் வெட்டி, வெங்காயத்தோடு வதக்கி, வாட்டிய ரொட்டிமேல் கொட்டிக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை, அரைத்தூக்கத்தில் இருந்தார். தட்டைக் கொண்டு போய் வைத்தபோது தையல்காரர் முகத்தை மட்டும் அதன்மேல் குனிந்தார். கையால் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "சரி, வந்த வேலை முடிஞ்சுது" என்றார்.

இவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நாற்காலி காலி. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தார். வாசனையே இல்லை, ஈரலும் வெங்காயமும் வெறும் மண்ணாகக் கிடந்தன. தட்டைச் சட்டென்று கீழே வைத்தார். துடைக்கிற அக்கா மட்டும் துணியைப் பிழிந்தபடி மெச்சிக்கொண்டாள்.

"இப்ப வந்தாரே, அவருதாண்ணே நல்ல மனுசன். துடைச்ச தரையில ஒரு தடம்கூடப் படாமப் போயிட்டாரு பாருங்க."

அடுத்து வந்தவரை இவர் பார்க்கவில்லை. பின்கட்டில் முகம் கழுவிவிட்டு வரும்போது அக்காதான் சொன்னாள். கோட்டு போட்ட ஒரு பெரியவர் வந்து எலும்பு சூப் கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"அதெல்லாம் இப்ப இல்லீங்கய்யா, நின்னு எத்தனையோ வருசமாச்சாமேன்னேன். அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. எதுக்குண்ணே முறைக்கிறீங்க? இல்லாததை இல்லைன்னுதானே சொல்ல முடியும்?"

யார் அந்தக் கோட்டுப் பெரியவர் என்பது இவருக்குத் தெரியும், அவர் செத்துப் பல வருடமாகிறது என்பதும் தெரியும். அவரிடம் எத்தனை மழைக்காலம் 'அடுத்த தடவை' சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பதும் தெரியும். வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செத்த பிறகும் ஓட்டல் வாசலை விட்டு நகர முடியாமல் நிற்கிறார்கள். கேட்டது கிடைக்க வேண்டும், அல்லது யாராவது ஒருவர் வாய்விட்டு இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவரை போக முடியாது. கட்டிப்போட்டது கயிறு அல்ல, இவருடைய மரியாதை.

உடனே இன்னொன்றும் உறைத்தது. அப்படியென்றால் அவளும் வருவாள்.

வந்தாள். கதவு கத்தவில்லை. அதே தொட்டிப் பக்கத்து மேசை. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெளிறிய பச்சை அங்கி, மேலே அவளுடைய சொந்தப் போர்வை. எண்ணெய் காணாத தலை. புறங்கையில் அந்தப் பிளாஸ்திரி, ஓரம் கொஞ்சம் உரிந்திருந்தது. இவர் அவள் முன்னால் போய் நின்றார். அழ வேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை. இத்தனை வருடம் கழித்து அவள் முகத்தைப் பார்க்கிற சந்தோஷம் ஒரு பக்கம், முதுகுத்தண்டில் ஏறுகிற சில்லிப்பு ஒரு பக்கம்.

"என்னங்க, புட்டிங் இருக்கா?" என்றாள்.

ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவள் எழுந்து போய்விடுவாள், நிம்மதியாக, ஒரேயடியாக. அந்த 'ஒரேயடியாக' என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அடுத்த தடவை எடுத்து வைக்கிறேன்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் ஆட்டினாளே, அதே ஆட்டம். மறுநாள் அதே நேரம் அங்கே இருந்தாள். அதற்கு மறுநாளும் இருந்தாள். இவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். மாஸ்டர் கண்ணைச் சிமிட்டி, "என்னண்ணே, போற காலத்துல மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றார். மாஸ்டருக்கு என்ன தெரியும்.

குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு முயற்சியும் செய்து பார்த்தார். மாஸ்டரைத் தாஜா பண்ணி, ரொட்டியும் பாலும் முட்டையும் வைத்து, காஸ் அடுப்பில் ஒரு பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து ஏதோ செய்யச் சொன்னார். சோப்புக்கட்டி மாதிரி ஒன்று வந்தது. கொண்டு போய் அவள் முன்னால் வைத்தார். அவள் குனிந்தாள். நிமிர்ந்து, கோபமே இல்லாமல், "இது இல்லையே" என்றாள். பிறகு மறுபடியும், "இருக்கா?" என்று கேட்டாள். இவரும் மறுபடியும் அதையே சொன்னார்.

துடைக்கிற அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"யாருண்ணே அந்தம்மா? நித்தம் வருது, ஒண்ணும் திங்காமப் போவுது. முந்தாநாளைக்கு இன்னைக்கு இன்னும் வெளுத்துக் கிடக்கு. உக்காந்திருக்கும்போதே காலு நடுங்குது. நான் வேணா இல்லைன்னு சொல்லி அனுப்பிடட்டுமா?"

"நீ வாயைத் திறக்காதே" என்றார் இவர். அந்தக் குரலை அந்த ஓட்டலில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. இவர்தான் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மேசைக்குக் கீழே பார்த்தார். வெறுங்கால்கள், நின்று நின்று வீங்கிப்போனவை. எங்கே நின்றிருப்பாள் இத்தனை வருடமும்? எந்த வாசலில்? காத்திருக்கச் சொல்றதுதான் எனக்கு ஆகாது என்று முதல் மாதமே சொன்னவள். அவளைத்தான் இந்த மனிதர் ஆஸ்பத்திரியில் ஒரு தடவையும், இங்கே தினம் தினமும் காத்திருக்க வைத்துக்கொண்டிருந்தார். முன்னது வாய் தவறி வந்தது. பின்னது தெரிந்தே செய்வது. அவர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

மாதக் கடைசியும் வந்தது. மேசைகளை ஏற்றிக்கொண்டு போக வண்டி வந்து நின்றது. கரும்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். தொட்டிப் பக்கத்து மேசையை மட்டும் கடைசியில் எடுக்கச் சொல்லி இவர் கெஞ்சிக் கேட்டிருந்தார். நாளைக்கு இந்தச் சுவரையெல்லாம் இடிப்பார்கள். இவர் மகள் வீட்டில் இருப்பார். மனைவி வந்து, சர்வரும் இல்லாத, மேசையும் இல்லாத இடத்தில் நின்று, இருக்கா இருக்கா என்று யாரிடம் கேட்பாள்? அதை நினைக்கத்தான் அவருக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

அக்கா பழக்க தோஷத்தில், நாளைக்கு இடிக்கப்போகிற தரையையும் ஒழுங்காகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். மேசையில் மனைவி இருந்தாள். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, புட்டிங் இருக்கா?"

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தார். காதிலிருந்த பென்சிலையும் வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ஓட்டலில் முதல் தடவையாக, சாப்பிட வருகிறவர்கள் பக்கம் உட்கார்ந்தார்.

"இல்லம்மா" என்றார். "அந்த அடுப்பை இடிச்சிட்டாங்க. நீ கேட்டப்பவே இல்லை. இனிமேயும் இல்லை."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. மேசை விளிம்பிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "நான் தூங்காம முழிச்சுக்கிட்டே இருந்தேங்க."

அவ்வளவுதான். எழுந்தாள், போர்வையைச் சரிசெய்துகொண்டாள், வாசலை நோக்கி நடந்தாள். இவர் பின்னாலேயே கதவுவரை போனார். கதவு கத்தியபோதுதான், திறந்தது தன் கை என்று அவருக்குத் தெரிந்தது. வெளியே வண்டியும் வெயிலும்தான் இருந்தன. திரும்பிப் பார்த்தால், ஈரத்தரை முழுக்க ஒரே ஒரு ஆளின் செருப்புத் தடம், மேசையிலிருந்து வாசல்வரை. அக்கா அதைப் பார்த்தாள். இந்தத் தடவை திட்டாமல் துணியை நனைத்துப் பிழிந்து, குனிந்து துடைத்தாள்.

சின்ன முதலாளி சாவிக்கொத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஷட்டரை இறக்கிடலாமாண்ணே? உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லப்பா" என்றார் அவர். "யாரும் இல்லை."